முதுகில் எழுதிய பெயர்

என் பெயரை முதல் தடவையிலேயே சரியாக உச்சரித்தீர்கள், பிள்ளை ஷர்மினி. கனகசபை. இந்த நாட்டில் அது பெரிய விஷயம். தபால்காரர் தொடக்கம் பல்வைத்தியர் வரை எல்லாரும் ‘கனா’ என்ற இடத்திலேயே களைத்து நின்றுவிடுவார்கள். மொழிபெயர்ப்பாளர் என்றால் உங்களைப்போல் இருக்கவேண்டும். பக்கத்தில் இருக்கும் வழக்கறிஞர் அம்மாவுக்கு நான் சொல்வதை ஆறுதலாக, அவசரமில்லாமல் மாற்றிச் சொல்லுங்கள். மேடையில் பேசிப் பழகியவன் நான்; நிறுத்தி நிறுத்திப் பேசத் தெரியும்.

என் மகன் நிதுஷன் விளையாடிய அமெரிக்கக் கல்லூரிக்காக அவர் டென்மார்க்கில் இந்த ஹோர்சன்ஸ் நகரம் வரை வந்திருக்கிறார். விளையாட்டுக்காரருக்குத் தடைசெய்த மருந்து அவனுடைய சிறுநீரில் எப்படி வந்தது என்பது அவருடைய கேள்வி. என் மனைவி சுசீலாதேவி, தன் கவனக்குறைவால் வந்தது என்று முந்தநாள் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டாள். அதில் ஒரு பிழை இருக்கிறது. அதைத் திருத்தத்தான் வந்தேன்.

நான் யார் என்று முதலில் சொல்லவேண்டும். முதியோர் இல்லத்தில் வேலை, அது வயிற்றுக்கு. தமிழர் பண்பாட்டுப் பேரவையின் தலைவர், அது பெயருக்கு. எங்கள் பேரவையில் தலைவர், உபதலைவர், செயலாளர், பொருளாளர், காப்பாளர், போஷகர் எல்லாரும் உண்டு. அங்கத்தவர்தான் கொஞ்சம் குறைவு.

நிதுஷன் பள்ளிக்கூடத்தில் படிக்கும்போதே என்னைவிட ஒரு தலை உயரம். பண்டகசாலையில் வேலை செய்துகொண்டு, மாலையில் பிள்ளைகளுக்குக் கூடைப்பந்து பழக்கும் பேனாட் என்ற மட்டக்களப்பார் ஒருநாள் வீட்டுக்கு வந்தார். “அண்ணை, இவனை விளையாட விடுங்கோ. அமெரிக்கா வரைக்கும் போவான்” என்றார். நான் அனுமதி கொடுத்தேன். அதைக் குறித்துக்கொள்ளுங்கள். அனுமதி கொடுத்தவன் நான். பனியிலும் மழையிலும் காரில் ஏற்றிக்கொண்டுபோய், பயிற்சி முடியும்வரை வாசலில் காத்திருந்து கூட்டிவந்தது சுசீலா. கார் ஓட்டுவது யாருக்கும் முடிந்த காரியம். பிள்ளைக்குப் பெயர் கொடுப்பது அப்படியல்ல.

எங்களுக்குக் குடும்பப் பெயர் கிடையாது என்பதை அம்மாவுக்கு விளங்கப்படுத்துங்கள். தகப்பனின் பெயர்தான் பிள்ளையின் பெயரோடு வரும். டேனிஷ்காரர் அதைக் குடும்பப் பெயர் என்று பதிந்துவிட்டார்கள். ஆகவே அமெரிக்காவில் அவனுடைய ஜேர்சியின் முதுகில், ஒரு தோளிலிருந்து மறு தோள் வரைக்கும், கனகசபை என்று இருந்தது. அவனுடைய சொந்தப் பெயர் அதில் எங்கும் இல்லை.

முதல் ஆட்டத்தைக் கணினியில் பார்த்தோம். அவன் பந்தைப் போட்டதும் அரங்கம் முழுதும் என் பெயரைக் கத்தியது. நான் வரவேற்பறையில் எழுந்து நின்று கைகூப்பினேன்.

“அவை உங்களையே கூப்பிடினம்? இருங்கோ அப்பா, பந்து மறைக்குது” என்றாள் சுசீலா.

பேரவை அவனுக்குப் பாராட்டு விழா எடுத்தது. ‘கடல் கடந்தது கனகசபை நாமம்’ என்று பதாகை. அதில் என் படம் பெரிது, அவனுடையது மூலையில். பொன்னாடை ஒன்றுதான் இருந்தது. அவன் வரமுடியாதபடியால் நானே ஏற்றுக்கொண்டேன்.

போன கோடையில் விடுமுறைக்கு வந்தான். பேனாட்டும் சாப்பிட வந்திருந்த ஒருநாள், அடுத்த பருவத்திலிருந்து ஜேர்சியில் பெயர் மாறும் என்று டேனிஷில் சொன்னான். பதிவும் மாற்றப்போகிறானாம். நிதுஷன் தேவி.

ஏன் என்று கேட்டேன்.

“அது உங்கட பெயர், அப்பா. நான் ஓட, எல்லாரும் உங்களைக் கூப்பிடுகினம்.”

“அதிலை என்ன பிழை?” என்றேன். உண்மையாகவே எனக்கு விளங்கவில்லை.

“என்னை விளையாடக் கொண்டுபோனது அம்மா” என்றான், எல்லாம் டேனிஷில்தான்.

சுசீலா “எனக்கு ஏனப்பு உந்த ஆரவாரம்” என்று சொல்லிக்கொண்டு, நிறைந்திருந்த அவன் சாப்பாட்டுக் கோப்பையில் மறுபடியும் கறி விட்டாள். பேனாட் சிரித்தார். “நல்ல பெயர் அண்ணை. சின்னப் பெயர். ஜேர்சி தைக்கிறவனுக்கும் சுகம்.” பேனாட்டை அதற்குப் பிறகு நாங்கள் சாப்பிடக் கூப்பிடவில்லை.

நான் கோபப்படவில்லை. பேரவையில் செய்வதுபோலத்தான் செய்தேன். யோசித்து ஒரு தீர்மானம் எடுத்தேன், ஏகமனதாக நிறைவேறியது. என் பெயரில் தொடங்கிய காரியம் என் பெயரிலேயே முடியவேண்டும்.

வழியைக் காட்டியது அவன்தான். சுசீலாவுக்குக் கால் வீக்கம். அதற்கு ஒரு குளிசை எடுக்கிறாள், உடம்பில் தேங்கிய நீரைச் சிறுநீராக வெளியேற்றும் மாத்திரை. வேறு ஊக்கமருந்தை மறைக்க அதைப் பாவிப்பார்களாம். ஆகவே விளையாட்டுக்காரருக்கு அதுவும் தடை. “அம்மா, உந்தப் பெட்டியை என்ரை சாப்பாட்டுக்குக் கிட்ட வைக்காதேங்கோ” என்று அவன் சொல்ல, அவள் பயந்து அதைக் குளிர்சாதனப் பெட்டிக்கு மேல் ஏற்றி வைத்தாள். அது எங்கே இருக்கிறது என்பது எனக்கு அப்போதுதான் தெரியவந்தது.

கலியாணம் முடித்த நாளிலிருந்து முதன்முறையாக நான் தேத்தண்ணீர் போட்டேன். இஞ்சி தட்டிப் போட்டேன். இஞ்சி, குளிசையின் கசப்பை மறைக்கும். சுசீலா தொலைபேசியில் தன் சிநேகிதி ஞானேஸ்வரியிடம் சொன்னாள்: “பிள்ளை வந்தது வந்தது, மனுசன் மாறிப்போச்சுது.” அவளுடைய குரலில் அப்படி ஒரு சந்தோசத்தை நான் அதற்கு முன் கேட்டதில்லை. நிதுஷன் குடித்துவிட்டு, “நல்லாயிருக்கு அப்பா” என்றான். தமிழில் சொன்னான். எனக்குத் தமிழில் மறுமொழி சொல்வதை அவன் விட்டுப் பல காலம். அதன் பிறகு காலையும் மாலையும் நானே போட்டேன்.

ஓடிவிட்டு வந்தால் கால் இழுத்துப் பிடிக்கிறது என்றான். சுசீலா எண்ணெய் பூசி உருவிவிட்டாள். நான் இன்னொரு தேத்தண்ணீர் கொடுத்தேன். பெட்டியில் குளிசை குறையக் குறைய, அவள் மிச்சத்தைப் பாதி பாதியாக உடைத்து எடுத்தாள். கால் வீங்கி, சப்பாத்து ஏறவில்லை. வயது போகுது என்றாள். நானும் ஓம் என்றேன்.

விமானம் ஏறும் நாள்வரை கொடுத்தேன். கல்லூரிக்குப் போன கையோடு சோதனைக்கு எடுத்தார்கள். முடிவு வருமுன்னே பயிற்சியில் விழுந்துவிட்டான். உடம்பில் உப்புச்சத்து வற்றிவிட்டது, இதயம் நின்றிருக்கலாம் என்று அங்கே வைத்தியர் சொன்னாராம். நிற்கவில்லை. முதியோர் இல்லத்தில் குளிசை கொடுத்துப் பழகியவன் நான்; அளவு தெரியும் என்பதையும் அம்மாவுக்குச் சொல்லுங்கள்.

பிறகு முடிவு வந்தது. ஒரு வருடத் தடை, புலமைப்பரிசில் நிறுத்தம். புதிய ஜேர்சி தைக்குமுன்னே வீடு திரும்பினான். பத்திரிகைகளில் பழைய பெயரைத்தான் போட்டார்கள். எழுத்துப்பிழை இல்லை. பார்த்தேன்.

அன்றிலிருந்து சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருக்கிறான். அறைக்குள் எட்டிப் பார்த்தால் முதுகுதான் தெரிகிறது. அதில் பெயர் ஒன்றும் இல்லை.

சுசீலா என்னிடம் ஒரேயொரு தடவை கேட்டாள்.

“நீங்கள் ஏனப்பா அப்ப மட்டும் தேத்தண்ணி போட்டனீங்கள்?”

“பிள்ளையிலை பாசம்” என்றேன்.

அவள் என் முகத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். பிறகு வீங்கிய காலைத் தூக்கி முக்காலியில் வைத்தாள். அதன் பின்னர்தான் இந்த அம்மாவிடம் வந்து, குளிசையைப் பொடித்த கரண்டியாலேயே மகனின் தேத்தண்ணீரையும் தவறுதலாகக் கலக்கிவிட்டேன் என்று கையெழுத்துப் போட்டாள். தாயின் தவறு என்றால் பிள்ளையில் குற்றமில்லையாம், தடை நீங்குமாம், மறுபடியும் விளையாடலாமாம். முதுகில் தேவி.

அதைக்கூட நான் பொறுத்திருப்பேன். ஆனால் இன்று காலைப் பத்திரிகை பார்த்தீர்களா, பிள்ளை? தன் மேல் பழியைப் போட்டு மகனை மீட்ட தாய் என்று அவளுடைய படம், பெரிதாக. சுசீலாதேவி என்று முழுப்பெயர். கீழே ஒரு வரி: தகப்பனுக்கு இதில் எதுவும் தெரியாது. பெயர்கூட இல்லை, வெறும் தகப்பன். ஒரு பேரவையின் தலைவரைப் பற்றி அப்படியா எழுதுவது?

ஆகவே திருத்தம். பெட்டியை எடுத்தது நான். பொடித்தது நான். கலக்கியது நான். அவளுக்கு இதெல்லாம் வராது. அவளுக்குச் சீனி அளவாகப் போடவே தெரியாது. நடந்தது தவறுதல் அல்ல, யோசித்துச் செய்தது. உண்மை வெளியே வரவேண்டும் என்பதைத் தவிர எனக்கு இதில் ஒரு லாபமும் இல்லை.

எழுதும்போது ‘கனா’ என்று சுருக்கவேண்டாம் என்று சொல்லுங்கள். அம்மா ஏன் பேனையைக் கீழே வைத்துவிட்டார்? எழுத்துத் தெரியவில்லை போலிருக்கிறது. ஒவ்வொரு எழுத்தாகச் சொல்லிக் கொடுங்கள், பிள்ளை.