ஃபாரின் போன ரத்தம்

உத்திரமேரூரிலிருந்து மாகறல் போகும் பஸ்ஸில், நடவு முடித்த சேறு காயாத காலோடு இரண்டு பெண்கள் என் முன் சீட்டில் உட்கார்ந்திருந்தார்கள். இளையவள் சொன்னாள்:

"என் ரத்தம் ஃபாரின்ல கீதுக்கா. நான்தான் காஞ்சிபுரத்தயே தாண்டல."

ஆறாம் வகுப்போடு பள்ளிக்கூடம் என்னைக் கைகழுவிவிட்டது. ஆனாலும் காது மட்டும் நன்றாகப் படிக்கும்.

"யாருடி எடுத்துக்கினு போனது?"

"ஆராய்ச்சிக்காரங்கதான். இருளருங்க ரத்தம் வேணும்னாங்க. அப்பால ஒருத்தரு வந்து எங்க பாட்ட ரெக்கார்டு பண்ணாரு. ஒரு அம்மா நாங்க துன்ற கீரையெல்லாம் எழுதிக்கினு போச்சு. இன்னொருத்தரு நாங்க பேசறத மிஷின்ல புடிச்சாரு. எங்க மாமன் இருமினதக்கூட வுடல."

"எல்லாம் இருளருன்னு நம்பித்தானே வந்தாங்க?"

"ஆமா. எம் பொண்ண நர்சிங் சேக்க ஜாதி சர்டிபிகேட் கேட்டா, ஆபீசரு மட்டும் நம்பலக்கா. நெசமா இருளர்னா எலி புடிச்சிக் காட்டுன்னாரு."

"புடிச்சாளா?"

"அவளுக்கு எலின்னாலே பயம்க்கா."

நான் சிரித்துவிட்டேன். முன் சீட்டில் யாரும் சிரிக்கவில்லை. ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

"அப்போ காலேஜி?"

"தேதி தாண்டிப்போச்சு. என்கூட நடவுக்குத்தான் வந்துக்கினு கீறா."

"இன்னிக்கி காணமே?"

"வூட்ல கீறா. டவுன்லேர்ந்து ஒரு மேடம் வந்து அவகிட்ட கேட்டு எழுதிக்கினு கீது. எங்க பொண்ணுங்க ஏன் மேல படிக்க மாட்டேன்றாங்கன்னு ஆராய்ச்சியாம்."