முதல் ஊட்டம்

எங்கள் ஆய்வகத்துக்குள் நுழைகிற எல்லோரும் முதலில் கேட்பது, "என்ன சூப்பு வச்சிருக்கீங்க?" என்றுதான். நீங்களும் அதையேதான் கேட்டீர்கள், இன்ஸ்பெக்டர் ஐயா. சந்தைக் கறியைச் சோதிப்பதற்காக ஊறவைக்கிற சத்துநீரின் வாசனை அது. உண்மையிலேயே பசியைக் கிளப்பும்.

அதைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன், அப்போதுதான் மற்றது புரியும். நம் நாரின் ஊர்க் குளிரில் கறி கல்லாக விறைத்துக் கிடக்கும். அதில் சால்மொனெல்லா கிருமி இருந்தாலும் அடிபட்டுக் குற்றுயிராகத்தான் இருக்கும். எடுத்த எடுப்பில் மருந்துநீரில் போட்டால் மற்ற கிருமிகளோடு அதுவும் செத்துப்போகும். அதனால் முதல் நாள் வெறும் சத்துநீர், உடம்புச் சூடு, ஓய்வு. தெம்பு வந்த பிறகுதான் மருந்துநீர், அப்புறம் சிவப்புத் தட்டு. கிருமி இருந்தால் தட்டில் கறுப்புப் புள்ளிகள் முளைக்கும். அந்தக் கறியை எரித்துவிடுவார்கள்.

கறிக்கடை டோக்டோசுன் அண்ணனின் மாட்டை அப்படித்தான் எரித்தார்கள். அவர் நேராக என் மேசைக்கே வந்துவிட்டார். வாசலில் பாதிச் சந்தை.

"ஏம்மா புருல், என் கறியில அது உசுரோடயா இருந்துச்சு?"

"கொஞ்சம் இருந்துச்சுண்ணே."

"செத்துக்கிட்டுக் கிடந்ததுக்குக் கஞ்சி ஊத்தி, கதகதன்னு படுக்க வச்சு, தேத்தி விட்டது யாரு? பெத்த புள்ளையக்கூட இப்பிடிப் பாத்திருக்க மாட்ட. ஊட்டாம விட்டுப் பாரு தாயி, வளருதான்னு பாப்போம்."

எல்லோரும் சிரித்தார்கள். அன்றிலிருந்து என் பெயர் 'கிருமியோட அம்மா'. ரொட்டிக்காரி குல்சாரா விரல் படாமல் காசு வாங்கினாள்.

யோசித்துப் பார்த்தேன். அண்ணன் சொன்னதில் நியாயம் இருந்தது. அதன்பிறகு நான் ஊட்டவில்லை. கறித்துண்டை நேராக மருந்துநீரில் போட்டேன். தட்டு சுத்தமாக இருந்தது. 'முளைக்கவில்லை' என்று எழுதினேன். முளைக்கவில்லைதானே? நான் ஒரு பொய்கூட எழுதவில்லை. தட்டுகளை நீங்களே பார்த்தீர்கள்.

அந்தக் குளிர்காலத்தில் ஒரு கறியும் எரியவில்லை. "நம்ம புருலு கை, ராசியான கை" என்றார்கள். குல்சாரா சூடான ரொட்டியாகப் பொறுக்கித் தந்தாள், என் கன்னத்தைக்கூட ஒருமுறை கிள்ளினாள்.

பள்ளி விடுதியில் கறி சாப்பிட்ட பிள்ளைகள் நோயில் விழுந்த விஷயத்தில் அந்தச் சமையலறையையும் கொஞ்சம் பாருங்கள். கறி வெட்டின பலகையிலேயே கேரட்டையும் நறுக்கியிருக்கிறார்கள். நன்றாக வெந்த கறி யாரையும் ஒன்றும் செய்யாது. இரண்டு பிள்ளைகள் செத்துப்போனதில் எனக்கும் வருத்தம்தான். அதில் ஒருத்தி குல்சாராவின் மகள் அய்பாரா.

 விடுதிக்குப் போன கறியில் கிருமி இருந்தது எனக்குத் தெரியுமா என்று நேற்று கேட்டீர்கள். தெரியும்.

அந்த வாரம்தான், நடக்கத் தொடங்கியிருந்த என் மகனுக்குக் காலில் கயிறு கட்டி அறுக்கும் கால்கயிறு விருந்து. டோக்டோசுன் அண்ணன் பிரியமாக ஒரு தொடையை ஒதுக்கி வைத்திருந்தார். அதிலிருந்து இரண்டு துண்டு எடுத்தேன். ஒன்று சந்தைக்காக. அதை ஊட்டவில்லை, தட்டு சுத்தம், மாடு முழுவதற்கும் முத்திரை குத்தினேன். இன்னொன்று என் வீட்டுக்காக. அதை ஊட்டினேன். மிளகு தூவினது போல முளைத்திருந்தது.

"கொஞ்சம் முத்தலா இருக்குண்ணே" என்று தொடையைத் திருப்பிக் கொடுத்தேன்.

"உனக்குக் குடுத்து வைக்கல, போ" என்று சிரித்துக்கொண்டே அதையும் விடுதி வண்டியில் ஏற்றினார். நான் பக்கத்தில்தான் நின்றேன். முத்திரை அழியாமல் இருக்கிறதா என்று பார்த்தேன்.

என் விருந்துக்கு வேறு கடையில் ஆடு வாங்கினேன். அதையும் ஊட்டிப் பார்த்த பிறகுதான் அடுப்பில் ஏற்றினேன். ஆகவே கவனக்குறைவு என்று மட்டும் எழுதிவிடாதீர்கள், ஐயா. விருந்தன்று பிள்ளைகளின் ஓட்டப்பந்தயத்தில் முதலாவதாக வந்து, கத்தியை வாங்கி, என் மகனின் கால்கயிற்றை அறுத்தது அய்பாராதான். பெரிய எலும்பாகப் பார்த்து அவள் தட்டில் நானே வைத்தேன். சாப்பிட்டுவிட்டு, மறுநாள் விடுதிக்குப் போனாள்.

என் வீட்டில் சாப்பிட்ட வரைக்கும் அவளுக்கு ஒன்றும் ஆகவில்லை.