வானம் இல்லாத சுரங்கம்

மந்தாரக்குப்பம் பஸ்ஸில் டிரைவர், கண்டக்டர், நைட் ஷிப்ட் முடித்துத் தூங்கிக்கொண்டிருந்த ஒருவர், ஒரு தாய், அவள் மகள், அவர்களுக்குப் பின்னால் நான்.

"மைன்ஸுன்னா மேல வானம் இருக்கும்னுதாம்மா நெனச்சேன்," என்றாள் மகள். "சைக்கிள்ல லைட்டே மாட்டிக்கினு போவல."

"நெய்வேலியில பொறந்து, தொறந்து கெடக்குற சுரங்கத்தையே பாத்தவ வேற எப்படி நெனப்ப?"

"வடநாட்டுல நாங்க டூர் போன அந்தப் பழைய நிலக்கரிச் சுரங்கம் எலி வளை மாதிரி உள்ள போவுது. எங்க சைக்கிள் கிளப் ஆளுங்க லைட்டப் போட்டுக்கினு முன்னாடி போய்ட்டாங்க. ஒருத்தர் மட்டும் எனக்காக மெதுவா ஓட்டினாரு. கொஞ்ச தூரத்துல அவரு லைட்டும் அணைஞ்சிடுச்சு. சக்கரம் மட்டும் டிக் டிக்னு கேட்டுது. அந்தச் சத்தத்தப் புடிச்சிக்கினே போனேன். மெதக்குற மாதிரி இருந்துச்சும்மா. வழி முடியவே கூடாதுன்னு இருந்துச்சு."

தாய் மகள் பக்கம் திரும்பினாள்.

"நாளைக்குத் திருவதிகை மாப்பிள்ளை வூட்டுக்கு என்னடி பதில் சொல்ல?"

"வேணாம்னு சொல்லிடும்மா. எனக்கு அவருதான்."

"யாருடி அவரு? பேரு?"

"தெரியாது. அவரு பேசவே இல்ல. வெளிய வந்து பாத்தா எல்லாரும் ஹெல்மெட், மூஞ்சி பூரா கரி. கேக்க வெக்கமா இருந்துச்சு."

"கிளப்புல ஆம்பளைங்க எத்தினி பேரு?"

மகள் விரல் விட்டு எண்ணினாள்.

"பதினொண்ணு."