மாடி வீட்டு அம்புக்குறி

பதிப்பாசிரியர்: …அதில்லம்மா, நீ வரைஞ்ச படத்துல அப்பா கையில எதுக்குக் கரண்டி?

ஓவியர்: கிண்டறதுக்கு, சார்.

பதிப்பாசிரியர்: அம்மா எங்க?

ஓவியர்: பக்கத்துலயே இருக்காங்களே. பல்பு மாட்டுறாங்க.

பதிப்பாசிரியர்: ஸ்டூல் மேல ஏறியா! இது ரெண்டாம் வகுப்புப் புத்தகம். பிஞ்சு உள்ளங்கள் படிக்கிற…

ஓவியர்: பிஞ்சு உள்ளத்துக்கும் வெளிச்சம் வேணுமே சார். போன பதிப்புல அம்மாவைப் பெருக்க வெச்சோம். அதுக்கு முந்தின பதிப்புலயும் பெருக்கினாங்க. இன்னுமா அந்த வீடு சுத்தமாகல?

பதிப்பாசிரியர்: வாய்… வாய்! சரி, கரண்டி இருந்துட்டுப் போகட்டும். 'எங்கள் தெரு'ன்னு பாடம். ஒவ்வொருத்தருக்கும் அம்புக்குறி போட்டு யாருன்னு எழுதணும். தபால்காரர்… சரி. டாக்டர் அக்கா… சரி. மாடி வீட்டு பால்கனியில இந்த ரெண்டு ஆம்பளைங்க யாரு?

ஓவியர்: மாடி வீட்டுக்காரங்க.

பதிப்பாசிரியர்: அது தெரியுது. ஒருத்தருக்கொருத்தர் என்ன முறை?

ஓவியர்: ஒருத்தர் செடிக்குத் தண்ணி ஊத்துறார். இன்னொருத்தர் அவருக்குப் பேப்பர் படிச்சுக் காட்டுறார். அந்த முறைதான்.

பதிப்பாசிரியர்: அண்ணன் தம்பின்னு போட்டுடு.

ஓவியர்: இவ்வளவு சிரிச்ச முகமாவா? ஒரே வீடு, நடுவுல சுவர்கூட எழுப்பல. பிள்ளைங்க நம்பாது சார்.

பதிப்பாசிரியர்: அப்ப நண்பர்கள்.

ஓவியர்: நண்பர்னா பொழுது சாஞ்சதும் அவங்கவங்க வீட்டுக்குக் கிளம்பணுமே. கொடியைப் பாருங்க, ரெண்டு பேர் துண்டும் காயுது.

பதிப்பாசிரியர்: அழிச்சிடும்மா. நாளைக்குக் குழு கூடுது, என் கழுத்தைத்தான் பிடிப்பாங்க. பாடநூல்ங்கிறது விளையாட்டில்ல. உள்ளதை உள்ளபடி… ஒரு கோடுகூடப் பிசகாம…

ஓவியர்: ரப்பர் கையிலதான் இருக்கு, அழிச்சிடறேன். …சார், இந்தப் படம் வரையறதுக்கு முன்னால ஒருநாள் உங்க வீட்டுக்குப் போன் பண்ணேன்.

பதிப்பாசிரியர்: எப்ப? யாரு எடுத்தா?

ஓவியர்: ஒருத்தர். "அவர் இன்னும் வரலம்மா. நான் செடிக்குத் தண்ணி ஊத்திட்டிருக்கேன், வந்ததும் கூப்பிடச் சொல்றேன்"னார். அன்பான குரல். யாரு சார் அது?

பதிப்பாசிரியர்: அவரா… அவர் வந்து… கூட இருக்கிறவர்.

ஓவியர்: ரொம்ப நாளாவா?

பதிப்பாசிரியர்: நீ அப்ப ரெண்டாம் வகுப்புல இருந்திருப்ப.

ஓவியர்: அப்ப நான் படிச்ச புத்தகத்துல அவர் இல்லையே சார். என்ன பண்ணட்டும்? அழிக்கவா… இல்ல, அம்புக்குறி போட்டு 'கூட இருக்கிறவர்'னு எழுதவா?

பதிப்பாசிரியர்: இரு, அவசரப்படாத. படத்துல தப்பு இருக்கு.

ஓவியர்: மறுபடியும் என்ன சார் தப்பு?

பதிப்பாசிரியர்: தண்ணி ஊத்துறவருக்குத் தலையில ஒத்த முடி கிடையாதும்மா, முழு வழுக்கை. பேப்பர் படிக்கிறவனுக்கு என் கண்ணாடியைப் போடு… உள்ளதை உள்ளபடி வரையணும்னு சொன்னேனா இல்லையா?