கனகசுந்தரத்தின் கடைசிச் சரணம்

கடலுக்குப் பக்கத்தில் ஒலிப்பதிவுக்கூடம் வைத்திருப்பவனுக்கு முதல் எதிரி காகம். உப்புவெளியில் மீன் காயப்போடுகிற வீடுகள் அதிகம், காகத்துக்கும் குறைவில்லை. கதவு, யன்னல் எல்லாவற்றுக்கும் மெத்தை அடித்துத்தான் வேலை செய்கிறேன். நீங்கள் கேட்டது அதையல்ல, தெரியும் ஐயா. அந்த மெத்தையால் பின்வீட்டுச் சத்தம் எனக்குக் கேட்டிருக்காது என்று போன கிழமை பொலிஸ் வாக்குமூலத்தில் எழுதிக்கொண்டீர்கள். கேட்டது. அதைத் திருத்தத்தான் வந்தேன்.

கனகசுந்தரத்தையும் அவன் மனைவி கஜந்தியையும் அந்தப் பின்வீட்டில் குடிவைத்தவன் நான். இந்தத் துறைமுகத்தைப் பற்றி அவன் கட்டிய பாட்டுகளைக் கனடாவில் இருப்பவர்களும் கேட்டு அழுகிறார்கள். அவன் மனைவியை அடிப்பான். இரண்டும் ஊருக்குத் தெரியும். இப்படிப்பட்டவனின் பாட்டை ஏன் பதிகிறாய் என்று கேட்டவர்களுக்கு நான் ஒன்றுதான் சொல்வேன்: இறால் எதைத் தின்று வளர்கிறது என்று பார்த்தால் ஒருவரும் இறால் குழம்பு சாப்பிட ஏலாது. மனிதன் வேறு, பாட்டு வேறு. கனகசுந்தரம் கெட்டவன் என்பதை நான் ஒருநாளும் மறுத்ததில்லை.

ஒருநாள் காலை அவளை அடித்துவிட்டு நேராக வந்து பாடினான். அதுவரை நான் கேட்டிராத ஒரு தளம்பல் குரலில் இருந்தது. பயமும் வெட்கமும் அன்பும் பிரிக்க முடியாமல் கலந்து கிடந்தன. ஒரே தடவையில் பாட்டு முடிந்தது.

பிறகு அவன் திருந்தினான். மாலையில் அவளைக் கோணேசர் கோயிலுக்குக் கூட்டிப்போவான். சந்தையில் அவளுக்குப் பிடித்த மீனைத் தேடி வாங்கிவருவான். கஜந்தி கொஞ்சம் சதைபிடித்தாள், சிரிக்கவும் தொடங்கினாள். அவன் பாட்டு பஸ் நிலையத்து அறிவித்தல் மாதிரி ஆகிவிட்டது.

அப்போதுதான் அவனிடம் சின்னதாக ஒன்று சொன்னேன். கஜந்தி சந்தையில் யாரோடோ நின்று கதைத்ததைக் கண்டதாக. உண்மையில் நான் சந்தைப் பக்கமே போகவில்லை. மறுநாள் அவன் பாடியது உங்கள் போனிலும் இருக்கக்கூடும். நல்ல பாட்டு.

அதன்பிறகு தேவைப்பட்டபோது மட்டும் சொன்னேன். வீணாக ஒருநாளும் சொன்னதில்லை. வீங்கின இடத்துக்குப் பூசத் தைலமும் நானே வாங்கிக்கொடுப்பேன். அவள் என்னை அண்ணா என்றுதான் கூப்பிடுவாள்.

அவன் புதிதாகக் கட்டிய இறங்குதுறைப் பாட்டின் கடைசிச் சரணம் மட்டும் வரவே இல்லை. படகு இனி வராது என்று தெரிந்தும் துறையில் காத்து நிற்கிற ஒருவன் பாடுவது. சொல் இருந்தது, உயிர் இல்லை. அந்தக் கிழமைதான் கஜந்தி தேத்தண்ணி கொண்டுவந்து வைத்துவிட்டுப் போகாமல் நின்றாள்.

“அண்ணா, என்ர தம்பி சசிகரன் வாறான். அவனோட மட்டக்களப்புக்குப் போகப்போறன். இனி என்னால ஏலாது. அவருக்குச் சொல்லிப்போடாதேங்கோ.”

“நான் ஏன் தங்கச்சி சொல்லப்போறன்? நீர் யோசிச்சு எடுத்த முடிவு,” என்றேன்.

கனகசுந்தரம் வந்ததும் மைக்கைச் சரிபார்த்தேன். பதிவை ஓடவிட்டேன். பிறகு சொன்னேன். தம்பி என்று சொல்லவில்லை. ஒருவனோடு போகப்போகிறாள் என்றேன்.

அவன் கதவைத் திறந்தபடி விட்டுவிட்டுப் பின்வீட்டுக்குப் போனான். குசினி அடுப்படிப் பக்கமிருந்து அவள் கூப்பிட்டாள். அயலவர்களைக் கூப்பிடவில்லை. “அண்ணா” என்றாள். பிறகும் ஒருமுறை. நான் எழும்பினால் கதிரை சத்தம் போடும். அவன் எந்த நேரமும் வந்து பாடத் தொடங்கலாம்.

வந்தான். சட்டைக் கையில் இரத்தம். பாடினான் ஐயா. ஆயுளெல்லாம் நான் காத்திருந்த குரல் அது. ஒரு வரிதான் மிச்சம், நிறுத்திவிட்டான்.

“தனஞ்சயன் அண்ணை, அவள் எழும்புறாளில்லை.”

“சரணத்தை முடிச்சுவிடும். பிறகு பாப்பம்,” என்றேன்.

அவன் முடிக்கவில்லை. அப்படியே தரையில் குந்திவிட்டான். மறுபடி எழுந்து பாடக்கூடும் என்று பொறுத்துப் பார்த்தேன். பிறகுதான் ஓட்டோ பிடித்தேன். நேரத்தோடு கொண்டுவந்திருந்தால் பிழைத்திருப்பாள் என்று டொக்டர் சொன்னார். செத்தவீட்டில் சசிகரன் என் கையைப் பிடித்துக்கொண்டு, அக்காவுக்கு நீங்கள் ஒருவர்தான் ஆறுதலாய் இருந்தீர்கள் என்று அழுதான். நானும் அழுதேன்.

ஓம், அவள் செத்தது என்னால்தான். அப்படியே எழுதுங்கள், கையொப்பம் போடுகிறேன். ஆனால் கை வைத்தவன் அவன். அவன் செய்ததற்குப் பாட்டைத் தண்டிக்கக் கூடாது. எனக்கு ஒரே ஒரு உதவி வேண்டும். மறியல் சிறையில் அவனைப் பார்க்க அனுமதி எடுத்துத் தாருங்கள், ஒரு சின்ன மைக்கோடு. அவள் வேறொருவனோடு போகப்பார்த்தாள் என்றுதான் அவன் இன்னமும் நம்பிக்கொண்டிருக்கிறான். வந்தவன் அவளுடைய தம்பிதான் என்று நானே சொல்கிறேன். அதைக் கேட்டால் அந்த வரி வந்துவிடும்.