ஜன்னல் கல்லில் வைத்த தண்ணீர்

விருந்தாளிக்குக் குடிக்க எதைக் கொடுத்தாலும் மேசையில் கறை படாமலிருக்க முதலில் கோஸ்டரை வைத்துவிட்டு, அதன்மேல்தான் குவளையை வைக்க வேண்டும். குவளையைக் கையில் கொடுத்துவிட்டுப் பிறகு கோஸ்டரை நீட்டினால் வந்தவர் முகம் சுருங்கிவிடும். இது நானாகப் பார்த்துக் கற்றுக்கொண்டது. சரிதானா என்று எனக்கே அடிக்கடி சந்தேகம் வரும், ஐயா.

எங்கள் கூடத்தில் இருப்பது அம்மாவின் மேசை. அம்மா போன பிறகு அதைத் துடைப்பதும் மெருகேற்றுவதும் என் வேலையாயிற்று. அப்பா பக்கவாதம் வந்ததிலிருந்து பகலெல்லாம் அந்த மேசையருகே நாற்காலியில்தான் இருப்பார். எழுந்து நடக்க முடியாது. கோஸ்டர் வைத்தாலும் கை நடுங்கி, குவளையை அதற்கு வெளியேதான் வைப்பார். வட்டம் வட்டமாக வெள்ளைக் கறை. நான் முணுமுணுத்தால் சிரிப்பார்.

"நீ எனக்குப் பொண்ணா, இந்த மேசைக்கு மாமியாரா?"

மருத்துவர் வீட்டுக்கு அனுப்பும்போதே சொல்லியிருந்தார்: "அவருக்கு இடது பக்கம்னு ஒண்ணு உலகத்துலயே இல்லம்மா. கண்ணு நல்லாத்தான் இருக்கு, மூளையிலதான் பதியாது. எதை வெச்சாலும் வலது பக்கமா வைங்க." எனக்கு நன்றாகப் புரிந்தது. வெளியூரில் இருக்கும் அக்காவுக்கும் நான்தான் விளக்கினேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை என் மாலை வகுப்புத் தோழிகள் முதல் முறையாக வீட்டுக்கு வருவதாக இருந்தார்கள். திங்களன்றே மேசைக்கு மெருகு பூசினேன். புதுப் பூச்சில் ஈரம் பட்டால் வெளுத்துவிடும். ஆகவே அப்பாவின் தண்ணீரை இடது பக்கத்து ஜன்னல் கல்லில் வைத்தேன். திரும்பினால் வலது கைக்கு எட்டும்.

"கண்ணு, தண்ணி வைக்க மறந்துட்டியா?"

"வெச்சிருக்கேம்பா. அங்கதான் இருக்கு, பாருங்க."

வலது பக்கமெல்லாம் தேடினார். "காணோமே. சரி விடு, எனக்குத்தான் கண்ணு அவிஞ்சுபோச்சு."

கடும் வெயில் வாரம் அது. காலையும் இரவும் மாத்திரையோடு ஒரு கரண்டி தண்ணீர் கொடுப்பேன். கூடக் கொடுத்தால் புரையேறிவிடுமோ என்று பயம். வகுப்பு முடிந்து திரும்பும்போது குவளை நிறைந்தபடியே இருக்கும். பழையதைக் கொட்டிவிட்டுப் புதிதாக நிரப்புவேன். ஒருநாளும் தவறவில்லை.

சனிக்கிழமை அவர் பேச்சு குழறியது. ஞாயிறு மதியம் உள்ளறையில் படுக்க வைத்து, வெடித்த உதட்டை ஈரத்துணியால் துடைத்தேன். துணியைச் சப்பப் பார்த்தார். அழுக்குத் துணியாயிற்றே என்று எடுத்துவிட்டேன்.

தோழிகள் வந்தார்கள். எல்லோருக்கும் முதலில் கோஸ்டர், பிறகு பழச்சாறு.

"அடியே, மேசையில என் மூஞ்சி தெரியுதுடி," என்றாள் ஒருத்தி. "பாவம் மேசை," என்றாள் அடுத்தவள். பிறகு, "அப்பா எங்க? ஒரு வார்த்தை பேசிட்டுப் போறோமே."

"தூங்குறார்," என்றேன்.

அவர்கள் போன பிறகு உள்ளே போனேன். மூச்சு இல்லை.

கொன்றாயா என்று கேட்டீர்கள். ஆம் என்றே எழுதிக்கொள்ளுங்கள். அவர் கண்ணில் படாது என்று தெரிந்துதான் அங்கே வைத்தேன். விருந்தாளிகள் போனதும் வலது பக்கம் மாற்றிவிடுவதாகத்தான் இருந்தேன். இன்னும் கொஞ்ச நேரம்தான். அப்பாதான் பொறுத்துக்கொள்ளவில்லை.