தையல்கார அத்தை எங்கள் ஜன்னலை உடைத்தது குறித்து

சாட்சியின் பெயர்: பதினெட்டு வயது நிறையாதவர் என்பதால் தனித்தாளில் குறிக்கப்பட்டுள்ளது. வயது பதினான்கு, ஒன்பதாம் வகுப்பு மாணவி. முகவரியும் அதே தாளில் உள்ளது. தாயார் உடனிருக்க, சாட்சி சொல்லச் சொல்ல எழுதப்பட்டது.

நான் மேற்படி முகவரியில் அப்பா, அம்மாவுடன் வசித்து வருகிறேன். அப்பா அச்சகத்தில் வேலை செய்கிறார். அம்மா பேருந்து நிலையத்தில் டிக்கெட் கொடுக்கிறார். எங்களுடையது வரிசை வீடு. ஒட்டுச் சுவருக்கு அந்தப் பக்கம் தையல்கார அத்தை குடியிருக்கிறார். அவர் எங்களுக்கு உறவு இல்லை. நடக்கப் பழகிய காலத்திலிருந்து அவரை அத்தை என்றே கூப்பிட்டு வருகிறேன்.

எங்கள் கூடத்தில் ஒரு கேஸ் ஹீட்டர் இருக்கிறது. அது எரிந்தாலும் கால் சில்லிட்டுக்கொண்டே இருக்கும். ஆகவே இந்த வருடம் குளிர் ஆரம்பித்ததும் அப்பா வீட்டுக்குள் காற்று நுழையும் இடங்களையெல்லாம் அடைக்கத் தொடங்கினார். அவர் ஊதுவத்தியைக் கொளுத்திச் சுவரோரமாக மெல்ல நடப்பார். புகை நேராக எழுந்தால் அந்த இடம் சரி, சாய்ந்தால் அங்கே ஓட்டை. நான் பின்னாலேயே போய், சாய்ந்த இடத்தில் சாக்பீஸால் வட்டம் போடுவேன். அதன் பிறகு அப்பா அதன்மேல் டேப் ஒட்டுவார், இல்லாவிட்டால் டப்பாவில் வரும் நுரையைப் பீய்ச்சுவார். அது உப்பி இறுகிவிடும். இந்த வேலை எனக்கு மிகவும் பிடித்திருந்தது. தெருவில் அப்பாவுக்கு ‘அடைப்பு சார்’ என்று பெயர் வந்தது. வைத்தவர் தையல்கார அத்தை. அம்மா, “வீட்டை டப்பாவா ஆக்கிட்டீங்க, மூடி மட்டும்தான் பாக்கி” என்று சொன்னார்.

நேற்று சனிக்கிழமை, அம்மா வேலைக்குப் போன பிறகு, அத்தை வீட்டை ஒட்டிய சுவரில் குழாய் போகும் ஓட்டையில் அப்பா நுரை அடித்தார். அதன் பிறகு ஹீட்டருக்குப் பக்கத்தில், வெளிச்சுவரின் கீழே வலை போட்டிருக்கும் சதுரத் துவாரத்தின் முன் ஊதுவத்தியைப் பிடித்தார். அங்கே புகை சாய்ந்ததோடு நிற்காமல் ஹீட்டரை நோக்கி ஓடியது. வீட்டிலேயே பெரிய ஓட்டை அதுதான் என்று இருவரும் முடிவு செய்தோம். “திருடன் இங்கயா உக்காந்திருந்தான்!” என்றார் அப்பா. நான் மற்ற எல்லாவற்றையும்விடப் பெரிய வட்டமாகப் போட்டேன். தீ மூச்சு வாங்குவதற்கென்றே வீடு கட்டும்போது வைத்த துவாரம் அது என்று, எல்லாம் முடிந்த பிறகு ஹீட்டர் மெக்கானிக் சொல்லித்தான் எங்களுக்குத் தெரியும். அப்பா ஒரு டப்பா நுரையை முழுவதும் அதற்குள் அடித்தார்.

அதன் பிறகு ஹீட்டரை முழுதாகத் திருகி வைத்துவிட்டு உட்கார்ந்தோம். கூடம் இதுவரை இல்லாத அளவுக்குக் கதகதப்பாக இருந்தது. நான் சாக்ஸைக் கழற்றினேன். ஜன்னல் கண்ணாடியின் உள்பக்கம் தண்ணீர் வடிந்தது. எப்போதும் நீலமாக எரியும் தீ மஞ்சளாக நீண்டு ஆடியது. அதை அப்பாவிடம் சொன்னேன். “அதுக்கும் குளிர் விட்டுப்போச்சும்மா” என்றார். அதன் பிறகு எனக்குத் தலை வலித்தது. கதைப் புத்தகத்தில் ஒரே வரியைத் திரும்பத் திரும்பப் படித்தேன், அது என்ன வரி என்று இப்போது நினைவில்லை. அப்பா கம்பளத்தில் படுத்துத் தூங்கிவிட்டார். அவர் முகத்தில் சிரிப்பு இருந்தது.

அதன் பிறகு அத்தை ஜன்னலுக்கு வெளியே வந்து நின்றார். ஒரு கையில் துணி வெட்டும் பெரிய கத்தரிக்கோலும் மறு கையில் ஒரு நுரைக் கட்டியும் இருந்தன. “அடைப்பு சார்! உங்க நுரை என் அலமாரிக்குள்ள வந்து உப்பியிருக்கு! தைச்சு வச்ச துணியெல்லாம் ஒட்டிக்கிச்சு! வெளிய வாங்க, இல்லன்னா இன்னைக்கு உங்க வீட்ல ஒரு கண்ணாடி மிஞ்சாது!” என்று கத்தினார். எதிர்வீட்டுக்காரர் கேட்டதாகச் சொல்லும் மிரட்டல் இதுதான். அத்தை அப்படிச் சொன்னது உண்மை. ஆனால் எதிர்வீட்டுக்காரர் புதிதாகக் குடிவந்தவர். அத்தை மாதத்தில் பல தடவை அப்படிச் சொல்வார் என்பதும், அப்பா பதிலுக்கு அவருடைய தையல் மெஷினைப் பழைய இரும்புக்குப் போட்டுவிடுவதாகச் சொல்வார் என்பதும் அவருக்குத் தெரியாது.

நான் “வாங்க அத்தை” என்று சொல்ல நினைத்தேன். வாயைத் திறக்க முடியவில்லை, காலும் எழவில்லை. அத்தை கத்துவதை நிறுத்திவிட்டு நெற்றியைக் கண்ணாடியில் ஒட்டி உள்ளே பார்த்தார். அதன் பிறகு எங்கள் பூந்தொட்டியை எடுத்துக் கண்ணாடியை உடைத்தார். தாழ்ப்பாளின் மேலும் அப்பா டேப் ஒட்டியிருந்ததால், கையை உள்ளே விட்டுக் கத்தரிக்கோலால் அதை வெட்டினார். உள்ளே இறங்கி ஹீட்டரை அணைத்தார். அம்மா போன பிறகு அப்பா வாசல் கதவைச் சுற்றி ஒட்டியிருந்த டேப்பையும் வெட்டித் திறந்து, என்னை இழுத்துப் போய்ப் படியில் உட்கார வைத்தார். அதன் பிறகு அப்பாவைக் கம்பளத்தோடு இழுத்து வந்தார். அப்பா கனமானவர். அத்தையின் மணிக்கட்டில் கண்ணாடி கீறி ரத்தம் வந்தது.

எதிர்வீட்டுக்காரர் கூப்பிட்டதன் பேரில் காவலர்கள் வந்தபோது அப்பா கண் விழித்தார். “ஜன்னலைச் சாத்துங்க, சூடெல்லாம் போகுது” என்றார். யார் உடைத்தது என்று காவலர் கேட்டதற்கு, “இவங்கதான். இவங்க எப்பவுமே இப்படித்தான்” என்றார். அவர் அப்போது தெளிவாக இல்லை. அதை வைத்து அத்தை வீடு புகுந்து தாக்க வந்ததாக எழுதிக்கொண்டு, கத்தரிக்கோலையும் எடுத்துப்போனார்கள். எங்களை மருத்துவமனைக்குக் கொண்டு போனார்கள். டாக்டர் அம்மாவிடம், “இன்னும் கொஞ்ச நேரம் போயிருந்தா நான் உங்ககிட்ட வேற மாதிரி பேசியிருப்பேன்” என்றார்.

இன்று நானும் அம்மாவும் இந்தக் காவல் நிலையத்துக்கு வந்தபோது அத்தை வெளியே பெஞ்சில் உட்கார்ந்து ஒரு காவலரின் சட்டைக்குப் பட்டன் தைத்துக்கொண்டிருந்தார். நூலைப் பல்லால் கடித்துத்தான் அறுத்தார், ஏனெனில் கத்தரிக்கோல் அதிகாரியின் மேஜைமேல் அட்டை கட்டிக் கிடக்கிறது. உள்ளே ஆபத்து என்று எப்படித் தெரிந்தது எனக் கேட்டேன். “நான் அவ்ளோ கத்தியும் உங்கப்பா எழுந்து வந்து பதிலுக்குக் கத்தலையே. அதான் கண்ணாடியில நெத்தியை வச்சு உள்ள பாத்தேன்” என்றார். அம்மா அவர் பக்கத்தில் உட்கார்ந்து, கட்டுப் போட்ட கையைப் பிடித்துக்கொண்டார்.

எதிர்வீட்டுக்காரர் பொய் சொல்லவில்லை, கண்டதைச் சொன்னார். அப்பா நலமாக இருக்கிறார். தனக்குப் புகார் எதுவும் இல்லை என்று எழுதித் தருவதாகச் சொல்லியனுப்பினார். அத்தைமேல் வழக்குப் பதிய வேண்டாம் என்றும், கத்தரிக்கோலை இன்றே கொடுக்க வேண்டும் என்றும் கேட்டுக்கொள்கிறேன். அது வெட்டியது டேப்பை மட்டும்தான்.

நேற்று மாலையே மெக்கானிக் துவாரத்திலிருந்த நுரையைக் குடைந்து எடுத்துவிட்டார். தீ மறுபடி நீலமாக எரிகிறது. கூடத்தில் உட்கார்ந்தால் கணுக்காலில் குளிர் காற்று படுகிறது. அம்மா தன் நாற்காலியைச் சரியாக அந்த இடத்தில் போட்டு, செருப்பைக் கழற்றிவிட்டு, வெறுங்காலோடு ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தார்.

இவை நான் கண்டதும் கேட்டதும் ஆகும். கூட்டியோ குறைத்தோ சொல்லவில்லை. வாசித்துக் காட்டக் கேட்டேன், சரியாக இருக்கிறது.

சாட்சி (ஒப்பம்)
உடனிருந்த தாயார் (ஒப்பம்)

பதிவு செய்த அதிகாரியின் குறிப்பு: கத்தரிக்கோல் ஒன்று, உரியவரிடம் திருப்பிக் கொடுக்கப்பட்டது.